அக்கா கவுன்சிலருக்கு நிற்கலாமா?

தர்மபுரி குமாரசாமிப்பேட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அடுத்த நகர்மன்றத் தேர்தலில் என் அக்காவை நிற்கச் சொல்லி வார்டில் நிறைய பேர் கேட்கிறார்கள். அக்காவுக்கு ஆசை இருக்கிறது. மாமாவுக்குத்தான் பயம். கவுன்சிலர் என்றால் உண்மையில் என்ன வேலை? என்ன அதிகாரம்? ஐந்து வருஷத்தில் ஒரு ஆளால் என்னதான் செய்துவிட முடியும்?"

நான் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நகராட்சி வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். அதில் பல வருஷம் மன்றக் கூட்டத்துக்கு நிகழ்ச்சி நிரல் தயாரிப்பதும், கூட்டம் முடிந்ததும் தீர்மானப் புத்தகத்தில் எழுதுவதும்தான் என் மேஜை. கவுன்சிலர்கள் பேசியதையும் பேசாமல் இருந்ததையும் கூடவே இருந்து பார்த்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் அதிகாரம். கவுன்சிலர் தனியாக ஒரு உத்தரவு போட முடியாது. ஒரு ரூபாய் காசோலையில் கையெழுத்துப் போட முடியாது. ஒரு ஊழியரை இடமாற்றம் செய்ய முடியாது. அவருக்கு இருப்பது மன்றத்தில் ஒரு ஓட்டு, எழுந்து கேள்வி கேட்கும் உரிமை, அலுவலகத்தில் எந்தப் பிரிவுக்கும் போய் "அந்த வேலை என்ன ஆச்சு" என்று கேட்கும் தகுதி. அவ்வளவுதான். ஆனால் அந்த மூன்றாவது விஷயத்தை ஒழுங்காகப் பிடித்துக்கொண்டவர்கள் செய்த வேலையை எண்ணினால் ஆச்சரியமாக இருக்கும். அதைப் பிடிக்காதவர்கள் ஐந்து வருஷம் மாலை, சால்வையோடு முடித்துக்கொண்டு போனார்கள்.

அக்காவிடம் வருகிற புகாரில் பாதி நகராட்சியைச் சேர்ந்ததாகவே இருக்காது. இதை இப்போதே சொல்லிவையுங்கள். பட்டா மாறுதல் தாலுகா அலுவலகம். ரேஷன் கார்டு உணவுப் பொருள் வழங்கல் துறை. ஊருக்குள்ளேயே ஓடினாலும் பெரிய சாலைகள் சில நெடுஞ்சாலைத் துறையின் கையில் இருக்கும். அதில் பள்ளம் விழுந்தால் நகராட்சி ஒரு கூடை ஜல்லி கூடக் கொட்ட முடியாது. தெருவிளக்கில் இன்னும் வேடிக்கை: கம்பம் மின்வாரியத்தோடது, அதில் எரிகிற விளக்கு நகராட்சியோடது. விளக்கு எரியவில்லை என்றால் பல்பு போனதா, மேலே வயர் போனதா என்று தெரிந்துகொண்டு போனால்தான் சரியான ஆளைப் பிடிக்கலாம். இல்லாவிட்டால் இரண்டு அலுவலகமும் ஒருவர் மேல் ஒருவர் கைகாட்டிக்கொண்டே ஒரு மாதத்தை ஓட்டிவிடும். தர்மபுரியில் இன்னொரு குழப்பமும் உண்டு. நான் வேலையில் இருந்த காலம் முழுக்க இலக்கியம்பட்டி தனி ஊராட்சி. ஆனால் அங்கே இருக்கிறவர்களும் டவுனில் இருப்பதாகவே நினைத்து, குழாய் உடைந்தால் நகராட்சிக்கு ஓடி வருவார்கள். எல்லைக்கல் எங்கே இருக்கிறது என்று தெரிந்த கவுன்சிலர் அவர்களை ஒரே பேச்சில் சரியான இடத்துக்கு அனுப்பிவிடுவார். தெரியாதவர் மனு வாங்கி வைத்துக்கொள்வார்.

நகராட்சியின் சொந்த வேலை என்று பார்த்தால் குடிநீர், கழிவுநீர்க் கால்வாய், குப்பை, உள்தெருச் சாலை, தெருவிளக்கு, பிறப்பு இறப்புப் பதிவு, கட்டட அனுமதி, சொத்து வரி, சந்தை, பஸ் ஸ்டாண்டு, சுடுகாடு. 1993 ஜூன் 1 முதல் அமலுக்கு வந்த 74வது அரசியல் சட்டத் திருத்தம் பன்னிரண்டாவது அட்டவணையில் 18 பொறுப்புகளைப் போட்டுக் கொடுத்திருக்கிறது. அந்தத் திருத்தத்துக்குப் பிறகுதான் ஐந்து வருஷத்துக்கு ஒரு தரம் தேர்தல் நடத்தியே ஆகவேண்டும் என்று வந்தது. அதற்கு முன்னால் தமிழ்நாட்டில் நகராட்சித் தேர்தல் 1986இல் நடந்தது, அப்புறம் 1996 அக்டோபரில்தான். நடுவில் பத்து வருஷம். சட்டம் வந்த பிறகும் 2016இல் என்ன ஆனது? அக்டோபர் முதல் வாரத்தில் தேர்தல் அறிவிப்பை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அந்த மாதக் கடைசியில் பழைய மன்றங்களின் காலம் முடிந்தது. 2022 பிப்ரவரி 19 அன்றுதான் மறுபடி ஓட்டுப் போட்டோம். ஐந்து வருஷத்துக்கு மேல் நம் ஊர்களில் கவுன்சிலரே கிடையாது, மன்றத்துக்குப் பதிலாக அரசு போட்ட தனி அலுவலர்தான் எல்லாம். கவுன்சிலர் இருந்து என்ன செய்கிறார் என்று கேட்பவர்களிடம், இல்லாத அந்த ஐந்து வருஷத்தை யோசித்துப் பாருங்கள் என்றுதான் நான் சொல்வேன். அந்த விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன்.

இப்போது நான் பார்த்த ஒரு கவுன்சிலரைப் பற்றிச் சொன்னால்தான் மற்றதெல்லாம் புரியும். பெயர், ஊர், கட்சி வேண்டாம். நம் இரண்டு மாவட்டத்தில் ஒரு நகராட்சி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1996இல் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு வார்டு ஒதுக்கப்பட்டபோது, அவர் இருந்த வார்டும் அதில் வந்தது. வீட்டிலேயே தையல் மிஷின் போட்டு ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தவர். கட்சியில் இருந்தது அவர் வீட்டுக்காரர். அவர் நிற்க முடியாமல் போனதால் இந்த அம்மாவை நிறுத்தினார்கள். ஜெயித்த பிறகு முதல் நாலைந்து கூட்டத்துக்கு வீட்டுக்காரர் வாசல் வரை வந்து உட்கார்ந்திருப்பார். இந்த அம்மா உள்ளே வந்து வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பின்வரிசையில் ஒரு வார்த்தை பேசாமல் இருந்துவிட்டுப் போவார். அந்த நாட்களில் அப்படித்தான் முக்கால்வாசிப் பெண் கவுன்சிலர்கள். நானும் இவர் அப்படியே ஐந்து வருஷத்தை முடித்துவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

ஆறாவது மாதமோ ஏழாவது மாதமோ, ஒரு நாள் காலை அலுவலகம் திறக்கும் முன்பே வந்து நின்றார். கையில் ஒரு கோடு போட்ட நோட்டு. பிள்ளைகள் கணக்குப் போடுகிற நோட்டு. "சார், எங்க வார்டுல எத்தனை வால்வு இருக்கு?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. பொறியியல் பிரிவில் கேட்டேன், அங்கே ஓவர்சியருக்கும் சட்டென்று சொல்ல வரவில்லை. "அஞ்சு இருக்கு. மூணு நாளா கூடவே போய்ப் பார்த்தேன்" என்றார். தண்ணீர் திறந்துவிடுகிற ஆளோடு விடியற்காலை நாலு மணிக்கு டார்ச் எடுத்துக்கொண்டு தெருத்தெருவாக நடந்திருக்கிறார். எந்த வால்வு எத்தனை மணிக்குத் திறந்தது, எத்தனை மணிக்கு மூடியது, தெருவில் முதல் வீட்டுக்குத் தண்ணீர் எப்போது வந்தது, கடைசி வீட்டுக்கு எப்போது வந்தது, எத்தனை குடம் பிடித்தார்கள். எல்லாம் அந்த நோட்டில் இருந்தது. மேட்டில் இருந்த ஒரு சந்தில் பதினோரு வீடு. அதற்கு நேராக அவர் எழுதியிருந்தது: "2 குடம். ஒரு நாள் 0."

நம் பக்கத்து ஊர்கள் மேடும் பள்ளமுமாக இருப்பவை. பள்ளத்து வீடுகளில் குழாய் போதாதென்று மோட்டார் வைத்து உறிஞ்சுவார்கள். ஒரே வால்வில் பள்ளமும் மேடும் சேர்ந்திருந்தால் மேட்டுக்காரர் குடத்தில் காற்றுதான் வரும். இதைச் சரிசெய்ய புதுத் தொட்டி எல்லாம் வேண்டியதில்லை. மேட்டுக்குப் பிரிகிற இடத்தில் தனியாக ஒரு வால்வு வைத்து, அவர்களுக்கு முதலில் இருபது நிமிஷம் திறந்துவிட்டால் போதும். அந்த அம்மா அதைத்தான் கேட்டார். சின்ன வேலை. ஆனால் மதிப்பீடு போட ஓவர்சியர் வந்து பார்க்கவேண்டும், பொறியாளர் கையெழுத்து வேண்டும், மன்றத்தில் பொருளாக வரவேண்டும், தீர்மானம் ஆகவேண்டும், டெண்டர் விடவேண்டும், எடுத்தவர் வேலை செய்யவேண்டும். ஒவ்வொரு படியிலும் கோப்பு தூங்கும். இந்த அம்மா ஒவ்வொரு திங்கட்கிழமையும் வந்தார். சத்தம் போடவில்லை. நோட்டைத் திறந்து, "போன திங்கக்கிழமை நீங்க புதன்கிழமை பார்க்கிறேன்னு சொன்னீங்க சார்" என்று மட்டும் சொல்வார். தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறவரிடம் யாரும் இரண்டாம் தரம் பொய் சொல்ல மாட்டார்கள். பதினாலு மாதம் ஆனது. வால்வு வைத்த மறுநாள் அந்தச் சந்திலிருந்து ஒரு பாட்டி ஒரு சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கே வந்து என் மேஜைமேல் வைத்தார். எங்கள் குழாயில் வந்தது, குடியுங்கள் என்றார். குடித்தேன்.

அப்புறம் அந்த நோட்டு வளர்ந்துகொண்டே போனது. மின்கம்பத்தில் வெள்ளைப் பெயிண்டில் போட்டிருக்கும் எண்ணை எழுதி, எந்த எண்ணில் விளக்கு போனது, யாரிடம் சொன்னேன், எப்போது எரிந்தது என்று ஒரு பகுதி. முதியோர் உதவித்தொகைக்கு மனு கொடுத்தவர்கள் ஒரு பகுதி. அது வருவாய்த் துறை வேலை, இருந்தாலும் எழுதி வைத்திருந்தார், தாலுகா அலுவலகத்துக்குப் போகும்போது கையோடு கேட்டுவிட்டு வருவார். பள்ளிக்கூடம் போகாமல் இருக்கும் பிள்ளைகள் ஒரு பகுதி. "மனுவை வாங்கினா மறந்துடுவேன் சார், நோட்டுல எழுதினா மறக்காது" என்பார்.

அவர் செய்ததில் எனக்கு இன்றும் பெரிதாகப் படுவது ஒரு பலகை. நம் இரண்டு மாவட்டத்திலும் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது. அதற்கு மேல் இருக்கிற தண்ணீரைப் ஈறுக்குள் நிரந்தரப் பல் உருவாகிற சின்ன வயதில் பிள்ளைகள் குடித்துக்கொண்டே வந்தால் பல்லில் மஞ்சளும் பழுப்புமாகக் கறை விழும். தேய்த்தாலும் போகாது. வருஷக்கணக்கில் குடித்தால் எலும்பும் மூட்டும் பாதிக்கப்படும், முதுகு குனிந்துபோகும். பலர் நினைக்கிற மாதிரி கொதிக்க வைத்தால் ஃப்ளோரைடு போகாது. தண்ணீர் சுண்டுவதால் இன்னும் கொஞ்சம் கூடத்தான் செய்யும். இது அன்றைக்கு எங்கள் அலுவலகத்திலேயே பாதிப் பேருக்குத் தெரியாது.

அந்த வார்டில் ஒரு போர், அதாவது ஆழ்துளைக் கிணறு, போட்டு, தெருமுனையில் பிளாஸ்டிக் தொட்டி வைத்து, நாலு குழாய் வைத்திருந்தது. புழக்கத்துக்கு என்று போட்டது. பக்கத்திலேயே பள்ளிக்கூடம். பிள்ளைகள் இடைவேளையில் ஓடி வந்து அதில்தான் வாய் வைத்துக் குடிப்பார்கள். இந்த அம்மா ஒரு நாள் பள்ளிக்கூடத்து வாசலில் நின்று பிள்ளைகளைச் சிரிக்கச் சொல்லிப் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு நேரே வந்து, அந்தத் தண்ணீரைப் பரிசோதிக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். முடிவு வந்தது, குடிக்க லாயக்கில்லை என்று. உடனே அந்த போரை மூடு என்று மன்றத்தில் ஒருவர் எழுந்தார். மூடினால் துணி துவைக்க, பாத்திரம் கழுவத் தண்ணீர் எங்கே என்று இன்னொருவர். சண்டை. அப்போது முதல் முறையாக அந்த அம்மா முழுசாக ஐந்து நிமிஷம் பேசினார். மூடவேண்டாம், "இந்தத் தண்ணீர் குடிப்பதற்கு அல்ல, புழக்கத்துக்கு மட்டும்" என்று பெரிய எழுத்தில் பலகை வையுங்கள், எழுத்துப் படிக்கத் தெரியாத சின்னப் பிள்ளைகளுக்காகக் குடிக்கிற மாதிரி படம் போட்டு அதன்மேல் சிவப்புக் கோடு போடுங்கள், பள்ளிக்கூடத்துக்கு நல்ல தண்ணீர் தனியாக வண்டியில் கொடுங்கள் என்றார். அந்தத் தீர்மானத்தை எழுதியது நான்தான். அரைப் பக்கம்கூட வராது. என் சர்வீஸில் எழுதியதில் எதற்காவது பெருமைப்படச் சொன்னால் அந்த அரைப் பக்கத்தைத்தான் சொல்வேன்.

பிறகு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2008இல் அடிக்கல் நாட்டி, ஜப்பான் நாட்டுக் கடனுதவியோடு வேலை நடந்து, 2013 மே மாதம் தொடங்கி வைக்கப்பட்டது. செலவு 1,900 கோடி ரூபாய்க்கு மேல். காவிரித் தண்ணீரை ஒகேனக்கல்லில் எடுத்து, கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஓசூர் வரை மேடேற்றி அனுப்புகிறார்கள். அதுவரை தர்மபுரி டவுனுக்குப் பஞ்சப்பள்ளி சின்னாறு அணைத் தண்ணீரும் போர் தண்ணீரும்தான். இப்படிப்பட்ட திட்டத்தை எந்தக் கவுன்சிலராலும் கொண்டுவர முடியாது, கொண்டுவந்தேன் என்று யாராவது நோட்டீஸ் அடித்தால் நம்பாதீர்கள். ஆனால் அத்தனை தூரம் மலை ஏறி வந்த தண்ணீர் மேட்டுச் சந்தின் பதினோராவது வீட்டுக்குப் போய்ச் சேருகிறதா என்று பார்க்க முதலமைச்சர் வர முடியாது, கலெக்டரும் வர முடியாது. அது கவுன்சிலர் வேலை. போர் தண்ணீரையும் ஆற்றுத் தண்ணீரையும் ஒரே தொட்டியில் கலந்து விடுகிறார்களா என்று கேட்பதும் அவர் வேலைதான். இதை உங்கள் அக்கா இன்றைக்கும் கேட்கலாம்.

அந்த அம்மாவிடம் குறையே இல்லையா என்றால், இருந்தது. முதல் ஐந்து வருஷம் வரவு செலவுத் திட்டம் வருகிற கூட்டத்தில் வாயே திறக்கமாட்டார். தலைவர் கட்சிக்காரர், கை தூக்கு என்றால் தூக்குவார். என்னிடம் ஒரு தரம் வந்து, அந்தப் பெரிய புத்தகத்தில் எதைப் பார்ப்பது என்று கேட்டபோது, வேலை மும்முரத்தில் நானும் அப்புறம் சொல்கிறேன் என்று சொல்லி விட்டுவிட்டேன். அது என் தப்பு. இன்னொன்று, ஒரு கால்வாய். தேர்தல் வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று அவசரப்படுத்தினார். மட்டம் பார்க்காமல் கான்கிரீட் போட்டார்கள். முடிகிற இடம் தொடங்குகிற இடத்தைவிட ஒரு சாண் உயரம். மழைக்கு மழை அங்கே தண்ணீர் தேங்கி, கொசு மண்டி, அந்தத் தெருக்காரர்கள் அவரைத்தான் திட்டினார்கள். அவர் அதை மறுக்கவில்லை. அடுத்த தரம் முதல், எந்தக் கால்வாய் வேலை நடந்தாலும் ஒரு வாளித் தண்ணீரை மேல்முனையில் ஊற்றச் சொல்லி, கீழே வந்து சேர்கிறதா என்று நின்று பார்த்த பிறகுதான் போவார். ஒப்பந்தக்காரர்கள் இந்த வாளிக்குப் பயந்தார்கள்.

2001இலும் அதே ஒதுக்கீடு தொடர்ந்ததால் மறுபடி நின்றார், ஜெயித்தார். 2006இல் வார்டு பொதுவானது. பொது வார்டு என்றால் ஆம்பளைக்குத்தான் என்று ஒரு நினைப்பு நம் ஊரில் உண்டு, இன்றும் இருக்கிறது. கட்சியில் சீட்டு கொடுக்கவில்லை. சுயேச்சையாக நின்றார். கையில் பணம் இல்லை. அந்த நோட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய், "உங்க வீட்டுக்கு இன்ன தேதியில இதைச் செஞ்சேன், இதைச் செய்ய முடியல" என்று படித்துக் காட்டினார். குறைந்த ஓட்டு வித்தியாசம்தான், ஆனால் ஜெயித்தார். 2011இல் உடம்பு சரியில்லை, நிற்கவில்லை.

கவுன்சிலரே இல்லாத ஐந்து வருஷம் என்று சொன்னேன் இல்லையா? அப்போதுதான் இவர் அருமை எனக்கு முழுசாகத் தெரிந்தது. பதவி இல்லை, மன்றம் இல்லை. தண்ணீர் வராத வீட்டுக்காரர்கள் அப்போதும் இந்த அம்மா வீட்டுத் திண்ணைக்குத்தான் போனார்கள். பிறப்புச் சான்றிதழில் பெயர் தப்பாக விழுந்தவர், இறப்புப் பதிவு செய்யத் தெரியாமல் நின்றவர், எல்லோரும். அவர் முன்னாள் கவுன்சிலர் என்று சொல்லிக்கொண்டு எங்கள் அலுவலகத்துக்கு வருவார். எழுந்து நின்று நாற்காலி போட்டவர்கள் நிறைய பேர். சிலர் போடவில்லை. அவர் நின்றபடியே நோட்டைத் திறந்து கேட்டுவிட்டுப் போவார்.

நம் மண்ணில் இதற்குப் பழைய உதாரணமும் உண்டு. ஓசூர்ப் பக்கம் தொரப்பள்ளியில் 1878இல் பிறந்த ராஜாஜியை நாம் கவர்னர் ஜெனரலாக, முதலமைச்சராகத்தான் நினைக்கிறோம். அவர் பொது வாழ்க்கையின் முதல் படி சேலம் நகராட்சி. 1911இல் உறுப்பினர், 1917 முதல் 1919 வரை தலைவர். அவர் தலைவராக இருந்த காலத்தில்தான் அந்த நகராட்சிக்கு முதன்முதலாக ஒரு தாழ்த்தப்பட்ட வகுப்பு உறுப்பினர் வந்தார். அன்றைக்கு தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் எல்லாம் சேலம் ஜில்லாதான். தர்மபுரி 1965இலும், அதிலிருந்து கிருஷ்ணகிரி 2004இலும் பிரிந்தன. அவருடைய மற்ற முடிவுகளில் எனக்கு ஒப்பாதவை உண்டு. ஆனால் குழாய், சாக்கடை, வரி என்கிற வேலையைத் தொட்டுவிட்டு மேலே போனவர் என்பதை மதிக்கிறேன். மாமாவிடம் இதையும் சொல்லுங்கள், நகர்மன்றம் என்பது சின்ன இடம் என்று அவர் நினைத்தால்.

சரி, உங்கள் அக்கா விஷயத்துக்கு வருவோம்.

2022 மார்ச் 2 அன்று பொறுப்பேற்ற மன்றங்களுக்கு 2027 மார்ச்சோடு ஐந்து வருஷம். 2016இல் கொண்டுவந்த திருத்தத்துக்குப் பிறகு பெண்களுக்கு வார்டுகளில் பாதி. தர்மபுரியில் 33 வார்டு, கிருஷ்ணகிரியிலும் 33, 2019இல் மாநகராட்சியான ஓசூரில் 45. எந்த வார்டு யாருக்கு என்று அறிவிப்பு வரும்வரை அக்காவின் வார்டு பெண்களுக்கா பொதுவா என்று யார் சொன்னாலும் நம்பிச் செலவு செய்யாதீர்கள். 21 வயது முடிந்து, அந்த நகராட்சி வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் அதில் எந்த வார்டிலும் நிற்கலாம், சொந்த வார்டில்தான் என்று இல்லை. இருந்தாலும் சொந்த வார்டே நல்லது.

2011 கணக்குப்படி தர்மபுரி நகராட்சியின் மக்கள்தொகை 68,000க்கு மேல். 33ஆல் வகுத்தால் வார்டுக்கு இரண்டாயிரம் பேர், ஏறக்குறைய ஐந்நூறு வீடு. ஒரு நாளைக்கு இரண்டு வீடு என்றால் ஒரு வருஷத்துக்குள் எல்லா வீட்டுத் திண்ணையிலும் ஒரு தரம் உட்கார்ந்துவிடலாம். எம்.எல்.ஏ.வுக்கும் எம்.பி.க்கும் இந்தப் பாக்கியம் கிடையாது. மாமாவுக்குப் பயம் எதில் என்று நீங்கள் எழுதவில்லை. பணத்தில் என்றால், இதைச் சொல்லுங்கள்: 2023இல்தான் நகர்மன்ற உறுப்பினருக்கு மாதம் 5,000 ரூபாய் மதிப்பூதியம் என்று ஆனது. அதில் பெட்ரோலும் டீயும் கழிந்துபோகும். போட்ட காசை எடுக்கவேண்டும் என்கிற நிலையில் யாராவது நிற்கப் போனால் அவர் கை வேறு எங்கேயோ நீளும். ஆகவே தேர்தலுக்குக் கடன் வாங்காதீர்கள். ஒரு பைசா கூட. கடன் வாங்கித்தான் ஜெயிக்க முடியும் என்ற நிலை இருந்தால் இந்தத் தரம் வேண்டாம் என்று அக்காவிடம் சொல்ல நீங்கள்தான் தைரியம் காட்ட வேண்டும். நான் பார்த்த நல்ல மனிதர்கள் இரண்டு மூன்று பேர் கெட்டது இந்த இடத்தில்தான்.

பயம் கெட்ட பெயரைப் பற்றி என்றால், அது வரத்தான் செய்யும். 2022இல் புதுக் கவுன்சிலர்கள் உட்கார்ந்த மறு மாதமே சொத்து வரி உயர்வு வந்தது. நகராட்சிகளில் 600 சதுர அடிக்குள் இருக்கும் வீட்டுக்கு வரி கால் பங்கு கூடியது, 1,800 சதுர அடிக்கு மேல் போனால் இரண்டு மடங்கானது. அரசின் முடிவு, ஆனால் மன்றத்தில் வைத்துத் தீர்மானம் போட்டது கவுன்சிலர்கள். ஓட்டுக் கேட்டு வந்த வாசலிலேயே வசவு வாங்கினார்கள். அந்த மாதிரி நாளில் ஒளிந்துகொள்ளாமல், அளவு தப்பாகப் போட்டிருந்தால் மறு அளவீடு கேட்டு மனு எழுதிக் கொடுத்த கவுன்சிலர்களும் இருந்தார்கள். அவர்களை மக்கள் திட்டிக்கொண்டே தேடி வந்தார்கள்.

ஜெயித்தால் முதல் வருஷத்தில் செய்யவேண்டியது என்று நான் நினைப்பதைச் சொல்கிறேன். கூட்டத்துக்கு முன்பே வருகிற நிகழ்ச்சி நிரலை வீட்டில் உட்கார்ந்து முழுசாகப் படிக்கவேண்டும். அதில் "அவசர அவசியம் கருதி முன் அனுமதி வழங்கி மேற்கொள்ளப்பட்ட பணிக்குப் பின்னேற்பு" என்று வருகிற பொருள்களை இரண்டு தரம் படிக்கவேண்டும். வேலையை முடித்துவிட்டு மன்றத்திடம் பிறகு சம்மதம் வாங்குவது அது. குழாய் உடைந்தால் நியாயம். மாதாமாதம் ஒரே ஒப்பந்தக்காரர் பெயரில் வந்தால் எழுந்து கேட்கவேண்டும். ஒப்புதல் இல்லாத தீர்மானத்தில் "எனக்கு ஆட்சேபணை" என்று சொல்லி அதைப் பதியச் சொல்லவேண்டும். வாயால் கத்திவிட்டு வெளிநடப்பு செய்தால் தினசரியில் படம் வரும், தீர்மானப் புத்தகத்தில் ஒன்றும் வராது. பத்து வருஷம் கழித்துத் தணிக்கை வந்தால் புத்தகம்தான் பேசும்.

வரவு செலவுத் திட்டத்தில் நான் அந்த அம்மாவுக்குச் சொல்லத் தவறியதை உங்கள் அக்காவுக்குச் சொல்கிறேன். எல்லாப் பக்கமும் வேண்டாம். போன வருஷம் ஒதுக்கியது எவ்வளவு, உண்மையில் செலவானது எவ்வளவு என்ற இரண்டு கட்டங்களை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். ஒதுக்கிச் செலவாகாமல் கிடக்கும் பணம் எந்தத் தலைப்பில் என்று தெரிந்தாலே, தன் வார்டுக்கு எங்கே கை நீட்டலாம் என்று தெரிந்துவிடும். நமக்கு நாமே திட்டத்தையும் தெரிந்து வைத்திருக்கட்டும். மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் திரட்டினால் மீதியை அரசு தரும். வணிகர்களும் வசதியானவர்களும் இருக்கிற தெருவில் பூங்காவுக்கோ பள்ளிக்கூடச் சுவருக்கோ அது நன்றாக வேலை செய்யும். கூலிக்காரர் தெருவில் அதை வற்புறுத்தக்கூடாது, அவர்களுக்கு நகராட்சிப் பணத்திலிருந்துதான் செய்யவேண்டும்.

2022இல் ஏரியா சபையும் வார்டு குழுவும் வந்திருக்கின்றன. அந்த வருஷம் நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று முதல் ஏரியா சபைகள் கூடின. கிராம சபை மாதிரி டவுனுக்கும் ஒன்று. பல இடத்தில் இருபது பேர் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடித்துக் கலைகிறார்கள். இருந்தாலும் அங்கே பேசி எழுதியது ஒரு பதிவு. கவுன்சிலர் ஆகும் முன்பே அக்கா அதற்குப் போகலாம், யாரும் தடுக்க முடியாது.

மாமாவும் கூடவே இருக்கட்டும். ஆனால் கூட்டத்துக்கு அக்கா தனியாகப் போகவேண்டும், ஆணையரிடம் அக்காவே பேசவேண்டும், வார்டு எண்ணுக்கு வருகிற போனை அக்காவே எடுக்கவேண்டும். முதல் ஆறு மாதம் தடுமாறினாலும் பரவாயில்லை. அந்த அம்மாவும் தடுமாறியவர்தான்.

நிற்பதா வேண்டாமா என்று முடிவு செய்யும் முன்னால் ஒன்று செய்யுங்கள். உங்கள் வார்டில் தண்ணீர் திறக்கிற நாள் பார்த்து, விடியற்காலையில் அக்காவும் நீங்களும் மேட்டுத் தெருவின் கடைசி வீட்டு வாசலில் போய் நில்லுங்கள். எத்தனை மணிக்குத் தண்ணீர் வந்தது, எத்தனை குடம் பிடித்தார்கள், எத்தனை மணிக்கு நின்றது. ஒரு நோட்டு வாங்கி முதல் பக்கத்தில் அதை எழுதுங்கள். நாலு வாரம் விடாமல் போய் எழுதிவிட்டு, அப்புறம் எனக்குச் சொல்லுங்கள்.